வயசானவங்களுக்கு க்ரூஸா, லேண்ட் டூரா?
அறுபது தாண்டினவங்க டூர் போறப்ப முதல்ல பார்க்க வேண்டியது இடத்தை இல்லங்க, முட்டியை. க்ரூஸ்ல, அதாவது கப்பல் டூர்ல, பெட்டியை ஒரு தடவை பிரிச்சா போதும், ரூம் கூடவே வரும், லேண்ட் டூர்னா அடிக்கடி ஹோட்டல் மாத்தணும், அதுவே பாதி அலுப்பு. ஆனா சில ஊர்ல கப்பல் கரைக்கு வராது, ‘டெண்டர்’னு சின்ன படகுல ஏறித்தான் போகணும், அலை ஆடும்போது முட்டிவலிக்காரங்களுக்கு ரொம்ப கஷ்டம், வீல்சேர்னா சில சமயம் ஏத்தவே மாட்டாங்க, அதனால எந்தெந்த ஊர்ல டெண்டர்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. கப்பல் ஆட்டத்துல தலைசுத்தல் வருமா? கீழ் டெக்ல நடுவுல ரூம் எடுங்க. பெரிய கப்பல்ல டாக்டர் இருப்பார், பில்தான் தனி, அவசரத்துக்கு கப்பல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோற செலவும் இன்சூரன்ஸ்ல வருதான்னு பாருங்க. ஒரே ஊரை நிதானமா சுத்தணும்னா லேண்ட் டூர்தான், கப்பல் பெரும்பாலும் சாயங்காலமே கிளம்பிடும்.