'டெம்பரிங் நாளைக்குப் போட்டுக்கலாம்'

குவெஞ்ச் முடிந்த, அதாவது பெரும் சூட்டிலிருந்து காற்றில் வேகமாக ஆறிய, டி2 என்ற கருவி ஸ்டீல் டையை (அச்சை), கடினம் அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தான் புதிதாகச் சேர்ந்த பையன். முள் 63-ஐத் தொட்டது. முகமெல்லாம் சிரிப்பு. டெம்பரிங்கை, அதாவது உடையாமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவதை, நாளைக்குப் போட்டுக்கலாம் என்று டையை மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். எனக்குச் சுருக்கென்றது. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

குவெஞ்சுக்கும் டெம்பரிங்குக்கும் நடுவில் ஒரு ராத்திரி

என்னுடையது ஒரு பிளாங்கிங் டை, தகட்டிலிருந்து துண்டு வெட்டுகிற அச்சு. காலையில் வந்து பார்த்தேன். உள்மூலையிலிருந்து முடி போல ஒரு விரிசல். மூன்று வாரம் மெஷினிங் செய்த ஜாப், பழைய இரும்பாகிவிட்டது.

நடந்தது இதுதான். 1020 டிகிரி செல்சியஸ் வாக்கில் டி2-வை வைத்திருக்கும்போது கார்பனில் ஒரு பங்கு ஆஸ்டெனைட்டுக்குள், அதாவது அந்தச் சூட்டில் ஸ்டீல் எடுக்கும் படிக வடிவத்துக்குள், கரைகிறது. வேகமாக ஆறினால் அந்தக் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. உள்ளேயே சிக்கி, படிக அமைப்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. அதுதான் மார்டென்சைட். கடினம் வருவதும் இதனால்தான், கண்ணாடி மாதிரி உடைவதும் இதனால்தான். போதாததற்கு, ஆஸ்டெனைட் மார்டென்சைட்டாக மாறும்போது பருமனும் கூடுகிறது. டி2-வில் அந்த மாற்றம் அறை வெப்பத்தில் முழுதாக முடிவதில்லை. மிஞ்சிய ஆஸ்டெனைட் அப்படியே கிடக்கும், உள் இழுவிசையும் குறையாது. கூர்மையான உள்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

ஆகவே 50, 60 டிகிரிக்கு, அதாவது கையில் பிடிக்கிற சூட்டுக்கு, வந்ததும் டெம்பரிங் ஃபர்னஸுக்குப் போய்விட வேண்டும். சாப்பாடு அப்புறம்.

520 டிகிரியில் டெம்பர் செய்தால், மிஞ்சிய ஆஸ்டெனைட்டில் பெரும்பங்கு அந்தச் சூட்டிலிருந்து ஆறும்போது புது மார்டென்சைட்டாகிறது. அது இன்னும் பச்சை மார்டென்சைட். அதைப் பதப்படுத்தத்தான் இரண்டாவது டெம்பரிங். 'இரண்டு மணி, இரண்டு மணி, ஆக நாலு மணி' என்று ஒரே மூச்சில் போட்டவனையும் பார்த்திருக்கிறேன். நடுவில் அறை வெப்பத்துக்கு ஆறாவிட்டால் அது நீளமான ஒரே டெம்பரிங், அவ்வளவுதான்.

மிஞ்சிய ஆஸ்டெனைட் எப்போதும் எதிரி என்று சொல்லவில்லை. கார் பாடிக்கான சில புதிய தகடுகளில் பாதியில் குவெஞ்சை நிறுத்தி, கார்பனை ஆஸ்டெனைட்டுக்குள் நகரவிட்டு, வேண்டுமென்றே அதைத் தக்கவைக்கிறார்கள். இழுபடும்போது அது மார்டென்சைட்டாக மாறி வலுக் கூட்டும். ஆனால் அது கணக்குப் போட்டு வைத்தது, மறந்துபோய் விட்டது அல்ல.

கடினத்தை மட்டும் பார்ப்பது

4340 மாதிரி அலாய் ஸ்டீலை 250 முதல் 400 டிகிரிக்குள் டெம்பர் செய்தால் ராக்வெல் எண் ஒழுங்காகவே இருக்கும். அடி தாங்கும் திறன் மட்டும் சத்தமில்லாமல் சரியும். சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கும் சார்பி சோதனை செய்தால்தான் தெரியும்.

சோக்கிங் நேரம்

சூட்டில் வைத்திருக்கும் நேரத்தை, ஃபர்னஸ் மீட்டர் அந்தச் சூட்டைக் காட்டிய நேரத்திலிருந்து அல்ல, ஜாப்பின் நடுப்பகுதி சூடான நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

கார்பன் இழந்த தோல்

சூட்டில் கார்பன் இழந்த அந்த மேல்தோலைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கடினத்தை அளந்து பாருங்கள்.