கயானா குக்-அப் ரைஸ்: அரிசி, காராமணி, தேங்காப்பால், ஒரே சட்டி

கயானா தென் அமெரிக்காவோட வடக்கு கரையில வெனிசுலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவுல இருக்கு, ஜனத்தொகை பத்து லட்சம் கூட கிடையாது, அந்த கண்டத்துலயே இங்கிலீஷ் ஆட்சிமொழியா இருக்கற ஒரே நாடு. மேப்புல தென் அமெரிக்காதான் ஆனா சாப்பாடு, பேச்சு, கிரிக்கெட் எல்லாம் வெஸ்ட் இண்டீஸ். அங்க சனிக்கிழமையானா நிறைய வீட்டுல அடுப்புல ஏறுறது குக்-அப் ரைஸ்தான். டிசம்பர் 31 ராத்திரிக்கு அவங்க ஓல்ட் இயர்ஸ் நைட்னு சொல்லுவாங்க, அன்னிக்கு காராமணி போட்ட குக்-அப் இல்லாத வீட்ட பாக்கறது கஷ்டம், வருஷம் பொறக்கும்போது வயித்துல அது இருந்தா அதிர்ஷ்டம்னு ஒரு நம்பிக்கை.

கரும்புத் தோட்டத்துல அடிமையா வேல வாங்கப்பட்ட ஆப்பிரிக்க ஜனங்களோட சமையல்ல இருந்து வந்த சாப்பாடு இது. காராமணியே மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து அங்க போனதுதான். உப்புக்கண்டம், பயறு, அரிசி, தேங்கா, கைக்கு கெடச்சத ஒரே சட்டியில போட்டு வேகவச்சது. 1838ல அடிமைத்தனம் முடிஞ்சுது, அதே வருஷம் மே மாசம்தான் இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிங்க மொத மொதல்ல கப்பல்ல போய் எறங்கினாங்க. பெரும்பாலும் கல்கத்தா வழியா போன பீகார், உ.பி. பக்கத்து ஜனங்க, மெட்ராஸ்ல இருந்தும் கப்பல் போச்சு, அவங்க வம்சத்த இன்னிக்கும் அங்க மதராஸின்னுதான் சொல்றாங்க, மாரியம்மன் காளியம்மன் பூஜையும் நடந்துட்டு இருக்கு. இப்ப குக்-அப் எல்லார் வீட்டு சாப்பாடும் ஆயிடுச்சு.

சரி, சமைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். மசாலா டப்பாவ எடுத்து உள்ள வச்சிடுங்க. தேங்காப்பாலும் அரிசியும் பாத்த உடனே நம்ம கை தானா பட்டை கிராம்பு சோம்புன்னு தேடும், அத போட்டா வர்றது தேங்காப்பால் பிரியாணி, நல்லாதான் இருக்கும் ஆனா குக்-அப் கெடையாது. இதோட ருசி மூணே விஷயத்துல இருக்கு: தேங்காப்பால், தைம் இலை, பயறு வெந்த தண்ணி.

நாலஞ்சு பேருக்கு தேவையானது: புழுங்கலரிசி 2 கப், காராமணி (நம்ம தட்டப்பயறுதான்) 1 கப், பெரிய தேங்கா ஒண்ணு, எலும்போட சிக்கன் அரை கிலோ, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல்லு, தக்காளி 1, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, செலரி ஒரு தண்டு, தைம் நாலு கொத்து, மிளகுத்தூள், உப்பு, எண்ணெய், காரமான மிளகாய் 1. பச்சை தைம் கெடைக்கலன்னா சூப்பர் மார்க்கெட்ல காஞ்ச தைம் டப்பாவுல இருக்கும், அதுல ஒரு டீஸ்பூன். இன்னொரு சந்தோஷமான விஷயம், கயானாக்காரங்க தடிச்ச இலை தைம்னு ஒரு செடி வீட்டு வாசல்ல வளப்பாங்க, அது வேற ஒண்ணும் இல்ல, சளிக்கு நாம கஷாயம் போடற கற்பூரவள்ளியேதான்! மூணு இலைய பொடியா நறுக்கி சேத்துக்கோங்க, அதுக்கு மேல போட்டா கஷாய வாசம் தூக்கிடும்.

மிளகாய பத்தி சொல்லணும். அங்க விரி விரின்னு செர்ரிப்பழம் சைஸ்ல உருண்டையா செவப்பா ஒரு மிளகாய், உருவத்த பாத்து ஏமாந்தா கண்ணுல தண்ணி வந்துடும். நம்ம ஊருல கெடைக்காது, ஹாபனேரோ இல்லன்னா ஸ்காட்ச் பானெட் கெடைச்சா ஒண்ணு போதும், அதுவும் இல்லன்னா நல்ல காரமான பச்சமிளகாய் ரெண்டு. எதுவா இருந்தாலும் கீறாதீங்க, நறுக்காதீங்க, முழுசா போடணும்.

ஸ்டெப் 1: பயறு. ராத்திரியே ஊற வச்சிடுங்க. காலையில தண்ணி மாத்தி, 4 கப் தண்ணி ஊத்தி சாதாரண சட்டியில முக்கால் பதம் வேகவைங்க, இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். குக்கர்ல வச்சா ஒரு விசில்ல எறக்கிடுங்க, ரெண்டாவது விசில் போச்சுன்னா அப்புறம் சோத்தோட சேந்து வேகும்போது கொழஞ்சு கூழாயிடும். விரல்ல அழுத்தினா நசுங்கணும், ஆனா நடுவுல லேசா ஒரு கட்டி தட்டுப்படணும், அதுதான் பதம். வடிச்ச தண்ணிய கொட்டிடாதீங்க ப்ளீஸ், அந்த பழுப்பு தண்ணிதான் சோத்துக்கு கலர் குடுக்கறது.

ஸ்டெப் 2: தேங்காப்பால். மொத பால் ஒன்றரை கப் கெட்டியா எடுங்க, ரெண்டாம் பால் தனியா வைங்க. டப்பா பாலும் ஓகே. பவுடர் வேண்டாம்னு நான் சொல்லுவேன், எண்ணெய் பிரியற அந்த மினுமினுப்பு அதுல சரியா வராது.

ஸ்டெப் 3: கறி. சிக்கன்ல உப்பு, மிளகு, நசுக்கின பூண்டு, நறுக்கின வெங்காயத்தாள், பாதி தைம் போட்டு பெசஞ்சு ஒரு மணி நேரம் வைங்க. அடி கனமான சட்டியில எண்ணெய் காய வச்சு துண்டுகள நல்லா செவக்க விடுங்க, அவசரப்பட்டு திருப்பாதீங்க, செவந்தா தானா சட்டிய விட்டு வரும். அங்க உப்பு போட்ட மாட்டுக்கறி, பன்னிவால், குடல்னு ரெண்டு மூணு வகைய ஒண்ணா போடறது வழக்கம். உப்புக்கண்டம் போடறதா இருந்தா முன்னாடியே தண்ணியில கொதிக்க வச்சு உப்ப எறக்கிடணும். சைவமா? கறியே இல்லாம கீரை, பூசணி போட்டு செய்யறவங்களும் அங்க இருக்காங்க, தாராளமா செய்யலாம்.

ஸ்டெப் 4: எல்லாம் ஒண்ணா. வெங்காயம், தக்காளி, செலரி, மீதி தைம், கற்பூரவள்ளி போட்டு வதக்கி, வெந்த பயறும், அரமணி நேரம் ஊறின அரிசியும் சேத்து ஒரு கெளறு. இப்ப மொத பால், அதோட பயறு தண்ணி, பத்தலன்னா ரெண்டாம் பால். சாதாரண சாப்பாட்டு புழுங்கலரிசிக்கு மொத்தம் 5 கப், செல்லா பாஸ்மதின்னா (அதாவது புழுங்கின பாஸ்மதி) 4 கப் போதும். உப்பு பாத்துக்கோங்க, குழம்பு மாதிரி தூக்கலா இருக்கணும், அரிசி இழுத்துக்கும். கொதி வந்ததும் மிளகாய மேல வச்சு, தீய நல்லா கொறச்சு மூடிடுங்க.

இதுக்கப்புறம் கரண்டி உள்ள போகக்கூடாது. ஒரு பதினஞ்சு நிமிஷத்துல தொறந்து பாத்தா பால் வத்தி, சோத்துக்கு மேல சின்ன சின்ன ஓட்டையா தெரியும், ஓரத்துல தேங்கா எண்ணெய் பளபளன்னு கசிஞ்சிருக்கும், மிளகாய் தோலு சுருங்கி ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கும். மிளகாய மட்டும் ஸ்பூனால மெதுவா எடுத்து தனியா வச்சிடுங்க, உள்ள ஒடஞ்சுதுன்னா அந்த பக்கம் சாப்பிடறவங்க கதை முடிஞ்சுது. மறுபடி மூடி இன்னும் அஞ்சு பத்து நிமிஷம் சிம்ல விட்டு, அணைச்சப்புறமும் பத்து நிமிஷம் அப்படியே விடுங்க.

அடியில கொஞ்சம் பிடிக்கும், பதறாதீங்க, அதுக்கு அங்க பன்-பன்னு பேரு, அதுக்குன்னே வீட்டுல அடிதடி நடக்கும். செவந்து மொறுமொறுன்னு வரணும், கருகின வாசம் வரக்கூடாது, வித்தியாசம் ரெண்டு மூணு நிமிஷம்தான். பதத்துலயும் அங்க ரெண்டு கட்சி: உதிரி உதிரியா வேணும்ங்கறவங்க, ஈரப்பதமா இருக்கணும்ங்கறவங்க. நான் ரெண்டாவது கட்சி, காஞ்ச குக்-அப்ல தேங்காப்பால் போட்டதே தெரியாம போயிடுது.

இதே முறையில பச்சை துவரை போட்டு செஞ்சு பாருங்க, தை மாச சீசன்ல கெடைக்கும், ஊற வைக்கற வேலையே இல்ல, பத்து நிமிஷம் வேகவச்சா போதும். ராஜ்மா, கொண்டக்கடலை கூட போடுவாங்க, அதுங்கள முழுசா வேகவச்சிட்டுத்தான் சேக்கணும். மசாலா இல்லாம முடியாதுன்னு கை துறுதுறுன்னு இருந்தா இந்தோ-கயானிய வீடுகள்ல செய்யற கிச்சடி இருக்கு, மஞ்சப் பட்டாணிப் பருப்பும் அரிசியும் மஞ்சத்தூள், பூண்டு, சீரகத்தோட கொழைய வேகவச்சு மாங்கா ஊறுகாயோட சாப்பிடறது, ஆசைய அதுல தீத்துக்கோங்க.

குக்-அப்புக்கு பக்கத்துல வெள்ளரிக்கா வட்டமா நறுக்கினது, நேந்திரம்பழம் நல்லா பழுத்தத நீளவாக்குல வெட்டி பொரிச்சது, பொரிச்ச மீனு. கெட்டிக் குழம்பு எதுவும் ஊத்திடாதீங்க. மிச்சம் இருந்தா ஆறின உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, தேங்காப்பால் போட்டது நம்ம வெயிலுக்கு ராத்திரி முழுக்க தாங்காது, மறுநாள் ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போட்டு சூடு பண்ணா போதும்.