லால்பாக் மாம்பழ மேளாவில் பழம் வாங்குவது எப்படி

மே, ஜூன் மாதங்களில் பெங்களூரு லால்பாக் பூங்காவில் மாம்பழ மேளா போடுவார்கள். கோலார், ராமநகரப் பக்கத்து விவசாயிகளே கடை போட்டு விற்பதுதான் இதன் சிறப்பு. பழுக்கவைக்கக் கார்பைடு ரசாயனம் போடாத பழம் என்ற நம்பிக்கையில்தான் அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறிப் போகிறேன். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பொறுக்கிய மிச்சம்தான் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். காம்புப் பக்கம் மூக்கருகே வைத்து முகருங்கள். வாசனை வந்தால் இன்றே சாப்பிடலாம். காம்பைச் சுற்றிச் சதை மேடிட்டு, வாசனை மட்டும் வராமல் இருந்தால் முற்றிய காய். நாலைந்து நாளில் பழுக்கும். அழுத்திப் பார்த்து நசுக்காதீர்கள், பாவம், விற்பவருக்குத்தான் நஷ்டம்.

ரகங்களில், துண்டு போட பாதாமி, சாறு பிழிய ரஸ்புரி. கிளிமூக்கை உப்பு, மிளகாய்த்தூளோடு அங்கேயே தின்னுங்கள். என் ஓட்டு மல்லிகாவுக்கு. நீலமும் தசேரியும் சேர்ந்த கலப்பு ரகம், நாரே கிடையாது. ஆனால் அவசரப்பட்டு வெட்டினால் புளிக்கும். தோல் பொன்மஞ்சளாகி லேசாகச் சுருங்கும்வரை காத்திருங்கள், அப்புறம் அதன் தித்திப்பைப் பாருங்கள்!

வீட்டுக்கு வந்ததும் காய்களை வைக்கோலில், இல்லையென்றால் செய்தித்தாளில், ஒன்றின்மேல் ஒன்று அழுந்தாமல் பரப்புங்கள். பழுக்கும்முன் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. தினமும் புரட்டிப் பார்த்து, அடிபட்டதை முதலில் எடுத்துவிடுங்கள். சாப்பிடுமுன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவையுங்கள். காம்புப் பால் போய்விடும், உதடு அரிக்காது.