மான்களை மறைத்த வானம்

மூன்று நாள் வீணான பிறகு விடை கிடைத்தது, நிம்மதி. விடியலுக்கு முன் மான்களை எண்ண ட்ரோனைப் பறக்கவிட்டால், வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் எல்லாமே ஒரே சாம்பல் நிறம். லென்ஸைத் துடைத்தேன், கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன்; பலனில்லை. தாழப் பறந்ததில் மான்கள் மிரண்டு ஓடின. அதைச் செய்திருக்கவே கூடாது.

பதிவை மெதுவாக ஓட்டியபோதுதான் கவனித்தேன். கேமராவைக் கீழே சாய்த்த இரண்டு விநாடி மட்டும் மான்கள் வெள்ளையாகப் பளிச்சிட்டன, நிமிர்த்தியதும் மறைந்தன. நிமிர்ந்த படத்தின் மேல் ஓரத்தில் விரலகலத்துக்கு வானம்! தெளிந்த வானம் தெர்மல் கேமராவுக்குக் கடுங்குளிர். அதையும் சேர்த்துக் காட்ட கேமரா தானாகவே வெப்ப வரம்பை விரிக்கிறது. தரைக்கும் மானுக்கும் உள்ள சில டிகிரி வித்தியாசம் அதில் கரைந்துவிடுகிறது.

கேமராவை 90 டிகிரி நேர் கீழாக வைத்தேன். சாய்வாகப் பார்க்க வேண்டிய இடங்களில், தானியங்கி வரம்பை அணைத்து 5 முதல் 35 டிகிரி என்று நானே பூட்டினேன். குட்டிகூடத் தாயோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது.