பரோலோவைச் சுவைக்கக் கற்போம்: துவர்ப்பிலிருந்து ஒரு தொடக்கம்

சிவப்பு ஒயினை முதன்முறையாக அருந்துபவர்களில் பலர், நாக்கு வறண்டு ஈறு இழுப்பதை உணர்ந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த இழுப்பு நமக்குப் புதியதன்று. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் பால் சேர்க்காத கடுந்தேநீரிலும் நாம் அறிந்த துவர்ப்புதான் அது. அறுசுவையுள் ஒன்றாக அதை எண்ணி வைத்திருக்கும் நாம், இத்தாலியின் பரோலோ ஒயினை அந்தச் சுவையைப் பற்றிக்கொண்டே அணுகலாம். துவர்ப்பே அந்த ஒயினின் முதுகெலும்பு.

வடமேற்கு இத்தாலியின் பீட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே லாங்கே என்னும் குன்றுத்தொடர் உள்ளது. அங்குள்ள 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே, வேறு எந்த இனமும் கலக்காமல், பரோலோ தயாரிக்கப்பட வேண்டும். நெபியோலோ முன்கூட்டியே துளிர்த்து, பிற இனங்களுக்கெல்லாம் பிந்தி, பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கிறது. ஆகவே வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர்காலத்தின் முதல் மழைக்கும் அது தப்ப வேண்டியிருக்கிறது. வெயில் குறைந்த இடத்தில் அது முழுமையாகப் பழுக்காது என்பதால், பள்ளத்தாக்கின் அடித்தளத்திலும் வடக்கு நோக்கிய சரிவுகளிலும் பரோலோவுக்கான கொடிகளை நட விதிகள் இடம் தருவதில்லை. இத்தாலிய மொழியில் மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா' என்ற சொல்லிலிருந்தே திராட்சையின் பெயர் வந்தது என்பர். இந்தக் குன்றுகளின் திராட்சை நிலங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

படி 1: லேபிளைப் படியுங்கள்

முதலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். அறுவடை செய்த ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர வைத்த பின்னரே பரோலோ விற்பனைக்கு வர முடியும். 2019-இல் பறித்த திராட்சையின் ஒயின் 2023 ஜனவரிக்கு முன் கடைக்கு வந்திருக்க இயலாது. 'ரிசெர்வா' என்று குறித்திருந்தால் அந்தக் காலம் 62 மாதங்கள். அடுத்து ஊரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். மேற்கே உள்ள லா மோர்ராவின் ஒயின் பொதுவாக மணம் மிகுந்து, சற்றே மென்மையாக இருக்கும். கிழக்கே செர்ராலுங்காவின் இறுகிய மண்ணில் விளைவது கடுந்துவர்ப்புடன் நீண்ட ஆண்டுகள் தாங்கும். தொடக்க நிலையினருக்கு லா மோர்ராவையே பரிந்துரைப்பேன். விலை கையைக் கடித்தால், அதே திராட்சையிலிருந்து குறைந்த கால முதிர்ச்சியுடன் வரும் 'லாங்கே நெபியோலோ' என்ற ஒயினை வாங்கிப் பழகுங்கள். அது தாழ்ந்த தெரிவன்று.

படி 2: பாட்டிலைத் தயார்செய்யுங்கள்

பழைய பரோலோவின் அடியில் வண்டல் படிந்திருக்கும். ஒரு நாள் முன்னதாகவே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். அறை வெப்பத்தில் பருகலாம் என்ற பழைய அறிவுரை குளிர்நாட்டு அறைகளை எண்ணிச் சொன்னது. நம் வீட்டின் 30 டிகிரியில் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வரும். குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வைத்தெடுத்தால் 16 முதல் 18 டிகிரிக்கு அருகில் வந்துவிடும்.

படி 3: காற்றாட விடுங்கள்

கார்க்கை எடுத்தபின், வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஒயினை மெதுவாகச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்தை நெருங்கியதும் நிறுத்துங்கள். இளம் பரோலோவை ஓரிரு மணி நேரம் அப்படியே விடலாம். மிக முதிர்ந்ததை அவ்வளவு நேரம் விட்டால் அதன் மணம் கலைந்துபோகும்.

படி 4: நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள்

பெரிய வயிறுள்ள கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். அடர்ந்த கருஞ்சிவப்பை எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய சிவப்பும், விளிம்பில் செங்கல் நிறமுமே காணப்படும். நெபியோலோவின் நிறமிகள் ஆக்சிஜன் பட்டால் எளிதில் சிதைபவை என்பதே காரணம். வெளிறிய நிறம் நீர்த்த ஒயினின் அடையாளமன்று. பின்னர் கோப்பையைச் சுழற்றி முகருங்கள். உலர்ந்த ரோஜா, செர்ரி, அவற்றினடியில் புதிதாகப் போட்ட சாலையின் தாரை ஒத்த ஒரு வாசனை. ரோஜாவும் தாரும் ஒரே கோப்பையில் சேர்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பரோலோவைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்லும் இரு மணங்கள் இவையே.

படி 5: துவர்ப்பைத் தொடருங்கள்

சிறு மிடறு எடுத்து, உடனே விழுங்காமல், ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் தொடும்படி வாய்க்குள் உருட்டுங்கள். முதலில் புளிப்பால் உமிழ்நீர் ஊறும். அதன் பின்னால் துவர்ப்பு வந்து நாக்கின் மேல் சொரசொரப்பாகப் படியும். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால், வாயின் வழுவழுப்பு குறைந்து அந்த வறட்சி உண்டாகிறது. விழுங்கிய பிறகு மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். துவர்ப்பு தணியும் வேளையில் பழமணம் மீண்டும் எழுந்து நெடுநேரம் நின்றால் அது நல்ல பரோலோ. வறட்சி மட்டுமே எஞ்சினால், ஒயின் இன்னும் இளமையாக இருக்கலாம் அல்லது தயாரிப்பே சுமாராக இருக்கலாம்.

படி 6: உணவோடு மீண்டும் பருகுங்கள்

லாங்கேயில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே ஊறவைத்து மெல்லிய தீயில் சமைக்கிறார்கள். உங்களிடம் நன்கு முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு இருந்தாலும் போதும். அதை மென்று, அடுத்த மிடற்றை எடுங்கள். புரதமும் கொழுப்பும் டானினை ஏற்றுக்கொள்வதால், சற்றுமுன் ஈறைப் பிடித்திழுத்த அதே ஒயின் இப்போது உருண்டு திரண்டு இறங்குவதை ஐயமின்றி உணர்வீர்கள்.

பாட்டிலை ஒரே இரவில் முடித்துவிட வேண்டாம். கால் பங்கை மீதம் வைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் மாலை சற்று முன்னதாக வெளியே எடுத்து ஒரு கோப்பை ஊற்றிப் பாருங்கள். இளம் பரோலோவில் முதல் நாள் தாருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரோஜா பெரும்பாலும் அப்போதுதான் முன்னே வரும்.