கல்வட்டத்தைக் காலால் பார்க்க வேண்டும்

சர்வேயர் வேலையில் சேர்ந்த புதிதில், சென்னிமலைப் பக்கம் ஒரு புலத்தை அளந்தபோது, காணாமல் போன எல்லைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்தேன். சங்கிலி பிடித்த அண்ணன் சிரித்தார். "அது நம்ம கல்லில்லீங்க, சுத்தியும் பாருங்க" என்றார். பார்த்தேன். பக்கத்தில் ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று பன்னிரண்டு கற்கள் என்னை வளைத்து நின்றன. பழங்காலத்துச் சமாதியைச் சுற்றிக் கல் நட்டு வைத்திருப்பதைத்தான் கல்வட்டம் என்கிறோம். அப்படி ஒரு சமாதியின் நடுவில் நின்றுகொண்டு புலப்படத்தில் குறி போட்டிருக்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. அக்கா பேரன்கள் கல்வட்டம் பார்க்கக் கொடுமணலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது. 1980களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்த ஊர் என்பதால் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். வேறு ஊர்களில் போய் 'கல்வட்டம் எங்கே' என்று கேட்டால் விழிப்பார்கள். 'பாண்டவர் குழி' என்றோ 'பாண்டு குழி' என்றோ கேளுங்கள். சில வட்டாரங்களில் 'வாலியர் வீடு', 'குள்ளர் வீடு'. எங்கள் தொழில் ரகசியம் ஒன்றும் உண்டு. கிராமக் கணக்கில் 'கல்லாங்குத்து' என்று எழுதியிருக்கும் நிலத்தை ஒரு நடை போய்ப் பாருங்கள். பாதி நேரம் வெறும் பாறைதான் இருக்கும். மீதி நேரம் அதிர்ஷ்டம்.

மாசி, பங்குனிதான் நல்ல காலம். மழை முடிந்த கையோடு போனால் கொழுக்கட்டைப்புல் எல்லாவற்றையும் மூடியிருக்கும். காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் புதைந்த கல்லின் முதுகு நிழல் கட்டும். அதே இடத்துக்கு உச்சியில் போனால், ஏதோ கல் கிடக்கிறது என்று திரும்பி வந்துவிடுவீர்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கையில் ஒரு குச்சி வேண்டும், கல் இடுக்கில் சுருட்டை விரியன் இருக்கும்.

சரி, முதல் கல் கிடைத்துவிட்டது. உடனே உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று அடுத்த கல்லைத் தேடி, வட்டத்தின் ஓரமாகவே ஒரு சுற்று நடங்கள். வேலிக்குப் போட்ட கல் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். வட்டத்துக் கல் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும், அடியில் ஆட்டம் இருக்காது. ஒரு சுற்று முடிந்ததும் குறுக்கே எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். எதிர்க்கல் இல்லையென்றால் உழவில் போயிருக்கும். உழவு படாத கொறங்காட்டில்தான் வட்டம் முழுசாகத் தப்பும். ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட அந்த நிலங்கள் தெரியாமலே நமக்குச் செய்த உபகாரம் இது.

அப்புறம் நடுவைப் பாருங்கள். சின்னக் கற்கள் குவிந்து லேசாக மேடு தட்டியிருந்தால் அது கற்குவை. மேட்டுக்கு நடுவே பலகைக்கல்லின் விளிம்பு கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், கீழே பலகைகளால் பெட்டி கட்டியிருக்கிறார்கள். அதுதான் பதுக்கை. பல பதுக்கைகளில் ஒரு பலகையில் துளை விட்டிருப்பார்கள், இடுதுளை என்பார்கள். பெரும்பாலும் முழு உடலைப் புதைக்கவில்லை. உடலை எங்கோ விட்டு, எலும்பை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாம் 'காடாற்று' அன்று சுடுகாட்டில் எலும்பு பொறுக்குவதை நினைத்துக்கொண்டால் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

தரையில் பானை ஓடு கிடக்கும். ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். உள்ளே கரி மாதிரி கறுப்பு, வெளியே செங்கல் சிவப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுத்தது, வெளிப்பக்கம் சிவந்தது. விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். பார்த்தாயிற்றா? எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பையில் போட்டால் அது வெறும் ஓடு. மண்ணிலிருந்து பெரிதாக எதுவும் வெளிப்பட்டிருந்தால் தோண்டாமல், தாசில்தாருக்குச் சொல்லிவிடுங்கள்.

இதோடு திரும்பி வருபவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம். வட்டம் இடுகாடு மட்டும்தான். ஊர் எங்கே? முதுகை வட்டத்துக்குக் காட்டி நின்று ஆற்றைத் தேடுங்கள். அந்தப் பக்கத்து மேட்டில்தான் மக்கள் குடியிருந்தார்கள், இரும்பு உருக்கினார்கள், மணி கோத்தார்கள். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் அங்கே நிறையக் கிடைத்தன. சென்னிமலை அடிவாரத்தில் இரும்புத் தாது, சிவன்மலைப் பக்கம் நீலக்கல், படியூரில் பெரில் என்ற மணிக்கல். எல்லாம் காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேரும் தூரம். சூதுபவளம் என்ற சிவப்பு மணிக்கல் மட்டும் குஜராத், மராட்டியப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அது சமாதிக்குள் குவியலாகக் கிடைத்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே கரூர், நடுவில் இந்த ஊர். 'கொடுமணம்' என்று பதிற்றுப்பத்து சொல்வது இதைத்தான் என்கிறார்கள்.

ஆற்றங்கரைக்கு இறங்குவதானால் மூக்கைப் பொத்திக்கொள்ள நேரலாம். சாயக்கழிவு பட்ட தண்ணீர்.

நான் முதலில் குறி போட்டேனே, அந்தப் பன்னிரண்டு கல், அங்கே இப்போது வீட்டுமனை. இரண்டு கற்களை மதில் அஸ்திவாரத்தில் பார்த்தேன். அதனால் எந்த வட்டத்தைப் பார்த்தாலும் நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுங்கள். ஒரு படத்திலாவது பின்னணியில் மலையோ கோயில் கோபுரமோ தெரியட்டும், பிற்பாடு இடம் கண்டுபிடிக்க உதவும். அளவு தெரிவதற்காகக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

திரும்பும்போது கிளுவை வேலியில் படலை இழுத்துச் சாத்திவிட்டு வாருங்கள். ஆடு வெளியே போனால் அடுத்த முறை உள்ளே விட மாட்டார்கள்.