பாலினவியலில் (ஜென்டர் ஸ்டடீஸ்) ஆய்வு முதுகலை: கொங்குப் பக்கத்திலிருந்து எப்படித் தொடங்குவது?

1. எந்தப் பட்டம் என்று முதலில் தெளிவாகுங்கள்

பழைய ஆட்களைக் கேட்டால் "எம்.ஏ. முடிச்சுட்டு எம்.ஃபில். போ கண்ணு" என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு முந்தைய அந்த ஆய்வுப் பட்டம் இப்போது கிடையாது. 2022-ல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் எம்.ஃபில். எடுக்கப்பட்டுவிட்டது. 2023 டிசம்பரில், அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை, சேராதீர்கள் என்று தனியாக எச்சரிக்கையும் விட்டார்கள். இன்னும் சேர்க்கை நடக்கிறது என்று யாராவது சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆக, நம் நாட்டில் ஆய்வு முதுகலை என்றால் ஆய்வேடு எழுதவைக்கிற இரண்டு வருட எம்.ஏ.தான். பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள்: ஆய்வேட்டுக்கு எத்தனை கிரெடிட், ஆய்வு முறையியலுக்குத் தனித் தாள் உண்டா? இரண்டும் சொற்பமாக இருந்தால் அது வகுப்பில் உட்கார்ந்து கேட்கிற படிப்பு, அவ்வளவுதான். வெளிநாட்டில் சில இடங்களில் பட்டத்தின் பெயரிலேயே ஆய்வு என்று இருக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பாலினவியலுக்கு அப்படி ஒரு முதுகலை உண்டு, இரண்டு வருடம், 120 கிரெடிட்.

2. கல்லூரியைத் தேடும் முன் கேள்வியைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், இடம் கிடைத்த பிறகு தலைப்பு யோசிக்கலாம் என்று. அதனால்தான் "கொங்கு மண்டலத்தில் பெண்களின் நிலை" மாதிரி தலைப்புகள் வருகின்றன. அதில் கேள்வியே இல்லை, பத்துப் பேர் சேர்ந்தாலும் முடிக்க முடியாது.

வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடத்தில் தேடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லர் அக்கா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார் என்றால், அந்தக் கூடுதல் நான்கு மணி நேரம் அவர் வீட்டில் சமைப்பது யார், பிள்ளையைப் பார்ப்பது யார், அந்தக் கூலி யார் கையில் போய்ச் சேர்கிறது? இது கேள்வி. பவானியில் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர், பக்கத்தில் நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பவர் இன்னொருவர், நெசவாளர் சங்கப் பதிவேட்டில் இருப்பது யார் பெயர்? இதுவும் கேள்வி. பாலினவியல் என்றால் பெண்களைப் பற்றி மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். ஊரில் பெண் கிடைக்காமல் கேரளாவில் பெண் எடுக்கிற விவசாயி மாப்பிள்ளைகளைப் பற்றி எழுதலாம், அதை எழுதப் போனால் பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்பதில் போய் முட்டும், சாதியில் முட்டும், சொத்தில் முட்டும். நல்ல கேள்வி அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும்.

வரலாற்றில் ஆர்வமா? ஈரோட்டில் 1921 கள்ளுக்கடை மறியலில் முன்னின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் 1925-ல் தொடங்கியதும் ஈரோட்டில்தான். பழைய இதழ்கள் பலவற்றைத் தமிழ் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். எண்கள் வேண்டுமென்றால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) மாவட்ட வாரியாகவே கிடைக்கிறது.

3. இடம்

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறை இருக்கிறது. கொடைக்கானலில் 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியே போகத் தயார் என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அதற்குக் கியூட் பிஜி என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலையை விடமுடியாதவர்களுக்கு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூர எம்.ஏ. உண்டு. எங்கே போனாலும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்த ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதுதான் முக்கியம்.

4. இரண்டு பக்க முன்மொழிவு

கேள்வி, அது ஏன் இன்னும் பதில் கிடைக்காத கேள்வி, இதற்குமுன் யார் என்ன எழுதினார்கள், யாரிடம் எப்படிப் பேசப் போகிறீர்கள், எவ்வளவு காலம். இதற்குமேல் வேண்டாம். "சிறுவயது முதலே சமத்துவத்தில் நாட்டம்" என்று தொடங்குகிற பத்தியை வெட்டிவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

களப்பணி பற்றி ஒரு வார்த்தை. மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளிடம், மூன்று வருடக் காண்ட்ராக்ட், கேம்ப் கூலி என்றெல்லாம் சொல்கிறார்களே அவர்களிடம், மேனேஜர் வழியாகப் போகாதீர்கள். அவர் பக்கத்தில் நின்றால் "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது, போன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது, வீட்டில், அவர்கள் சம்மதத்தோடு பேசுங்கள். ஆய்வேட்டில் பேரை மாற்றுங்கள், ஊரையும் மில்லையும் கூட மறைத்துவிடுங்கள்.

5. பணமும் பிற்பாடும்

வெளிநாடு போக தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை (பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் போன்றோருக்கானது) நம்பியிருந்தால் கவனம்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அது கிடையாது என்று 2022-ல் விதி சேர்த்துவிட்டார்கள். திருப்பூர் டெய்லர்களைப் பற்றிய ஆய்வு அதில் அடிபடும். அபத்தமான விதி, ஆனால் விண்ணப்பிக்கும் முன்பு அந்த வருட வழிகாட்டுதலைப் படித்தே ஆகணும்.

"இதைப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்டால், கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி தரும் நெட் தேர்வைச் சொல்லுங்கள். எம்.ஏ. கடைசி வருடத்திலேயே எழுதலாம், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கி முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் தமிழில் படிப்பவர்கள் கலைச்சொற்களை முதல் செமஸ்டரிலிருந்தே தமிழிலும் ஆங்கிலத்திலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் விண்ணப்பத்தில் பாலினவியல் என்று தேடினால் கிடைக்காது, மகளிரியல் (விமன் ஸ்டடீஸ்) என்ற பாடத்தைத் தேர்ந்தெடுக்கணும்.